வேடம் கலைத்த வித்தகர்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறோம். இயலுக்கு யார் என்று கேட்டால் பத்துப் புலவர் பெயரைச் சொல்லுவோம். இசைக்கும் சொல்லிவிடுவோம். நாடகத்துக்கு யார் என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் ஏதாவது சினிமா நடிகர் பெயரைத்தான் சொல்லுவோம். ஆனால் காளிதாஸ் என்ற முதல் தமிழ்ப் பேசும் படம் 1931-இல் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே வாழ்ந்து முடித்துவிட்ட ஒருவரைத்தான் நாடக உலகம் இன்றைக்கும் தலைமை ஆசிரியர் என்று கும்பிடுகிறது. அவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாடகக்காரர் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்குச் சுவாமிகளைப் பிடித்ததற்குக் காரணம் அவர் எழுதிய பாட்டு மட்டும் இல்லை. அவர் வாழ்க்கையில் ஒரு முடிவு எடுத்தார். அந்த முடிவு, நாளைக்கு சிப்காட்டிலும் சிட்கோவிலும் வேலைக்குப் போகப்போகிற நமக்கும் சம்பந்தப்பட்டது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

பிறப்பும் படிப்பும்

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். அவரோடு கூடப் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். வெண்பா, கலித்துறை, சந்தம் எல்லாம் அந்தக் காலத்திலேயே அவருக்குக் கைவந்துவிட்டது.

படித்துவிட்டு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர். நம்ம ஊர்ல கம்பெனி ஸ்டோர்ஸில் கணக்கு எழுதுகிற வேலை மாதிரிதான். மாதச் சம்பளம் நிச்சயம் உள்ள வேலை. அதை விட்டுவிட்டு 24-வது வயதில், அதாவது 1891-இல், நாடகத்துக்கு வந்தார். நாடகக்காரனுக்கு வீட்டுத் திண்ணையில்கூட இடம் தராத காலம் அது. கூத்தாடி என்று சொன்னால் அது திட்டு. அதே 1891-ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபையில் வக்கீல்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் நடித்ததால் நாடகத்துக்குப் பட்டணத்தில் ஒரு மரியாதை வந்தது. சுவாமிகள் போன இடமோ ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் பிழைக்கும் கம்பெனி நாடகம். இரண்டு பேரும் இரண்டு பாதையில் ஒரே வருஷத்தில் கிளம்பினார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மேடையில் எமன்

முதலில் ராமுடு ஐயர், கல்யாணராமையர் என்ற இருவர் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது எல்லாம் பயமுறுத்துகிற வேடங்கள். இரணியன், இராவணன், சாவித்திரி நாடகத்தில் எமதருமன், நளன் கதையில் சனீஸ்வரன். ஆஜானுபாகுவான உடம்பு, கம்பீரமான குரல். அப்போது மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கவேண்டும். அந்தக் குரலோடு, முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு, பாசக்கயிற்றைச் சுழற்றியபடி அவர் வந்து நின்றால் சபையே நடுங்குமாம்.

இங்கேதான் அந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லவேண்டும். நாடக உலகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது இது. ஒருநாள் எமனாக அவர் மேடைக்கு வந்த வேகத்தைப் பார்த்து, சபையில் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது. இன்னொரு சமயம் விடிய விடியச் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலை இருட்டில் வேடத்தைக் கலைப்பதற்காகத் தண்ணீர்க் கரைக்குப் போனார். அங்கே இருந்த ஒரு பெண் அந்த உருவத்தைத் திடீரென்று கண்டு, அதிர்ச்சியில் அங்கேயே உயிரை விட்டாள்.

நண்பர்களே, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அவர் மேல் குற்றம் சொல்லமுடியாது. அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான். இன்னும் சொல்லப்போனால் வேலையை மிக நன்றாகச் செய்ததுதான் அங்கே வினையாகப் போனது. என் ஹாஸ்டல் நண்பனிடம் இதைச் சொன்னபோது, இதில் அவர் தப்பு என்னடா இருக்கு, அந்த அம்மாவோட விதி என்று சொன்னான். ஊர் முழுக்க அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

சுவாமிகள் அப்படி நினைக்கவில்லை. இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்கிறார்கள். பேரும் கைத்தட்டலும் வாங்கித்தந்த அந்த வேடத்தைக் கழற்றி வைத்தார். ஆனால் நாடகத்தை விடவில்லை. கதையை இணைத்துச் சொல்லும் சூத்திரதாரராகவும், எழுதுகிறவராகவும், சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகவும் மாறினார்.

நாடகத்தில் குற்றவாளிகள்

ஒரு சாவுக்குத் தான் காரணம் என்று தெரிந்தால் மனிதன் என்ன செய்வான்? உலகத்தில் உள்ள பெரிய சோக நாடகங்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத்தான் சுற்றுகின்றன. நம் நூலகத்தில் இருந்து எடுத்துப் படித்ததிலும், ஊரில் கூத்துப் பார்த்ததிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் என்ற ராஜா. தெரியாமல் தன் தகப்பனையே கொன்றவன் தான்தான் என்று தெரிந்ததும் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். ஷேக்ஸ்பியரின் மாக்பெத், விருந்தாளியாக வந்த அரசனைக் கொன்றவன். குற்றத்தை மறைக்க இன்னொரு கொலை, அதை மறைக்க இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறான். அவன் மனைவி தூக்கத்தில் எழுந்து நடந்து, கையில் இல்லாத ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். இந்த நாடகத்தைத்தான் பம்மல் முதலியார் மகபதி என்று தமிழில் ஆக்கினார்.

அவரே அமலாதித்யன் என்று தமிழாக்கிய நாடகம் ஹாம்லெட். அதில் அண்ணனைக் கொன்று பட்டத்தைப் பிடித்த சித்தப்பன் ஒருவன் வருகிறான். ஒரு காட்சியில் அவன் முழங்கால் போட்டுக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கப் பார்க்கிறான். வாய் வரவில்லை. ஏன்? அண்ணனைக் கொன்று எடுத்த கிரீடமும் அண்ணன் மனைவியும் இன்னும் அவனிடமே இருக்கிறார்கள். அவற்றைத் திருப்பிக் கொடுக்க மனசு இல்லை. எனக்கு மொத்த நாடகத்திலும் மறக்கமுடியாத இடம் இதுதான். வருத்தம் எல்லோருக்கும் வரும். வருத்தத்தோடு லாபத்தையும் வைத்துக்கொண்டால் அது வருத்தமே இல்லை.

நம் சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் வேறு மாதிரி. உடைத்த சிலம்பில் முத்து இல்லை, மாணிக்கம் இருக்கிறது என்று கண்டதும் ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. பொற்கொல்லன் சொன்னான், காவலன் வெட்டினான் என்று கை காட்டவில்லை. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு சிம்மாசனத்தில் இருந்து விழுந்து உயிர் விட்டான். கோவலன் கதையைச் சுவாமிகளும் நாடகமாக எழுதினார். மேடைக் கோவலன் நாட்டுப்புறக் கதையோடு கலந்தது, சிலப்பதிகாரத்தில் இருந்து பல இடங்களில் மாறும். ஆனாலும் தீர விசாரிக்காமல் கொடுத்த ஒரு உத்தரவால் ஒரு உயிர் போவதுதான் இரண்டுக்கும் நடுநாயகம்.

நம்ம பக்கத்தில் தெருக்கூத்து உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் நடக்கும். கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவார்கள். எங்க தாத்தா கருமாதிக்கும் ஆடினாங்க. கர்ணன் விழுந்த பிறகு குந்தி ஓடிவந்து மடியில் போட்டு அழுவாள். அப்போதுதான் தாங்கள் கொன்றது சொந்த அண்ணனை என்று பாண்டவர்களுக்குத் தெரியும். ஜெயித்தவர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். எங்க ஆயாவுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் கர்ணனைக் கொன்ற பாவம் தர்மரை விடாது என்று அவங்களுக்குத் தெரியும். சாவு வீட்டில் எதற்காக அந்தக் கூத்தை வைத்தார்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இறந்தவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று உயிரோடு இருப்பவர்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நினைக்கவேண்டும்.

ஆக, ஒருத்தன் கண்ணைக் குத்திக்கொண்டான். ஒருத்தன் மேலும் கொன்றான். ஒருத்தன் கிரீடத்தை விடாமல் கும்பிட்டான். ஒருத்தன் செத்தே போனான். இவர்களில் யாரும் அதற்குப் பிறகு வாழ்ந்து ஒரு நல்லதைச் செய்து காட்டவில்லை. மேடைக்கு வெளியே அதைச் செய்து காட்டியவர் சுவாமிகள்.

வாத்தியார் ஆனார்

பிறகு சாமி நாயுடு என்பவரின் நாடக சபையில் ஆசிரியராக இருந்தார். நடுவிலே துறவு மனம் வந்து கோயில் கோயிலாக யாத்திரை போனார். சங்கரன் என்பவர் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படித்தான். சுற்றிவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்தபோது கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் மகன் போலவே வைத்துக்கொண்டார். கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்த பெரியவர் அவர். அவரிடம் இருந்தபோது சுவாமிகளுக்குத் தாள ஞானம் கூடியது.

மறுபடி நாடகத்துக்கு வந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேஸ்வர ஐயர், பி.எஸ். வேலு நாயர் ஆகியோரின் சபைகளில் ஆசிரியராக இருந்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று தானே ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் பாட்டில் கொடிகட்டிப் பறந்த எஸ்.ஜி. கிட்டப்பா சின்னப் பையனாக அங்கே பயின்றவர்.

அப்போது மேடையில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. நடிகர்கள் எழுதிய வசனத்தைப் பேசமாட்டார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காக இஷ்டத்துக்குப் பேசி, போட்டி போட்டுப் பாடி, கதையையே விட்டுவிடுவார்கள். சிலர் குடித்துவிட்டும் வருவார்கள். ஒழுங்கு வேண்டும், எழுதியதைப் பேசவேண்டும், நேரத்துக்கு வரவேண்டும் என்று சுவாமிகள் நினைத்தார். பெரியவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களைப் பழக்குவது மேல் என்று முடிவு செய்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பையன்களுக்குச் சாப்பாடு, இருக்க இடம், தமிழ், பாட்டு, நடிப்பு எல்லாம் அங்கேயே. பள்ளிக்கூடம் போக வசதி இல்லாத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம். எங்க வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் என்பதால், இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மனசு நெகிழ்ந்தது.

அந்த வருஷம் சேர்ந்தவர்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு. அதில் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அந்தச் சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே அபிமன்யு சுந்தரி என்ற முழு நாடகத்தையும், பாட்டுகளோடு, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அந்தச் சிறுவன்தான் பின்னால் ஔவையாராகவே மேடையில் வாழ்ந்து அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கியவர். எனது நாடக வாழ்க்கை என்று 1972-இல் வந்த தம் நூலில் தம் குருவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். சுவாமிகளைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மாணவர் எழுதிவைத்ததால்தான் தெரியும்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சதி அனுசூயா, சதி சுலோசனா, பிரகலாதன், கோவலன், சாவித்திரி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பல இப்போது கிடைக்கவில்லை. வள்ளி திருமணத்தை மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடத்துகிறார்கள்.

சாவித்திரி நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் எமன் உயிரை எடுக்கத்தான் வருகிறான். ஆனால் சாவித்திரியின் வாதத்தைக் கேட்டு, எடுத்த உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறான். கதையில் வரும் எமனுக்கு அந்தச் சலுகை உண்டு. எமன் வேடம் போட்டவருக்கு அது கிடையாது. போன உயிரை அவரால் திருப்பித் தர முடியாது. அதனால்தானோ என்னவோ, தன் பாக்கி ஆயுளை ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இது என் எண்ணம்தான்.

கடைசி நாட்கள்

1921-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தது. சபையை நடுங்கவைத்த அந்தக் குரலும் போய்விட்டது. ஆனாலும் தன் பிள்ளைகளை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. சபை போகும் ஊருக்கெல்லாம் கூடவே போனார். அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரியில், 1922 நவம்பர் 13-ஆம் தேதி காலமானார். வயது 55. அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மதுரை தமுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. உப்புக் கம்பெனி கணக்கருக்கு இது சின்னப் பெருமை இல்லை.

நமக்கு என்ன பாடம்?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம்மைச் சுற்றிக் காலையிலும் ராத்திரியிலும் கம்பெனி பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. படித்து முடித்தால் நாமும் டிரெயினி, பிறகு சூப்பர்வைசர். நம் கையெழுத்தில் மிஷின் ஓடும், நம் வார்த்தையில் ஆள் வேலை செய்வான்.

எங்க அப்பா காண்ட்ராக்ட் லேபராகப் பல இடங்களில் லோடு ஏற்றுகிறவர். அவர் முன்னாடி வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், கிரேனில் தூக்கிய இரும்பு விழுந்து ஒருத்தர் இறந்துபோனார். தூக்கின பெல்ட் தேய்ந்திருந்தது. தேய்ந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவசர லோடு, இன்னொரு தடவை ஓட்டிடலாம் என்று விட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன? சூப்பர்வைசர் காண்ட்ராக்டரைக் காட்டினார். காண்ட்ராக்டர் மேலே கையைக் காட்டினார். மேலே இருப்பவர்கள் இறந்தவரையே காட்டினார்கள், அவர்தான் கீழே நின்றிருக்கக்கூடாதாம். ஹாம்லெட் நாடகத்து ராஜா மாதிரி எல்லோருக்கும் வருத்தம்தான். பொறுப்பை ஏற்க மட்டும் ஆள் இல்லை.

அன்றைக்குக் கிரேன் ஓட்டினவர் மட்டும் அந்த வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் மேல் யாரும் கேஸ் போடவில்லை. இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே பெல்ட்டையும் கொக்கியையும் எப்படிப் பார்ப்பது, எப்போது தூக்கமாட்டேன் என்று சொல்வது என்று கற்றுக்கொடுக்கிறாராம். அப்பா இதைச் சொல்லும்போது எனக்குச் சுவாமிகள் ஞாபகம்தான் வந்தது. அவருக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் யார் என்றே தெரிந்திருக்காது.

நண்பர்களே, குற்றம் என்று சட்டம் சொல்வது ஒன்று, மனசாட்சி சொல்வது ஒன்று. மனசாட்சி சொல்லும்போது நமக்கு முன்னால் நாலு வழி இருக்கும். அடுத்தவனைக் காட்டலாம். மூடி மறைக்கலாம். நம்மை நாமே அழித்துக்கொள்ளலாம். அல்லது லாபம் தந்ததைக் கீழே வைத்துவிட்டு, அதே தொழிலில் நின்று, அடுத்த உயிர் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி நாடகத்துக்குச் சரி, வீட்டில் காத்திருக்கிற அம்மா அப்பாவுக்குச் சரிப்படாது. நாலாவது வழிதான் சுவாமிகள் போன வழி. அதற்குக் கைத்தட்டல் கிடைக்காது. ஆனால் ஆறு வயதுப் பையன்கள் ஆளாகி நிற்பார்கள்.

நாம் வேலைக்குப் போகிற முதல் நாள் நம் கையில் ஒரு செக் லிஸ்ட் கொடுப்பார்கள். அதில் பார்க்காமலே டிக் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். அப்போது, யாருமே குற்றம் சொல்லாத ஒரு சாவுக்குத் தானே பொறுப்பு ஏற்ற ஒரு நாடகக்காரர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்துவிட்டு டிக் போடுங்கள்.

வாழ்க சுவாமிகள் புகழ்! வளர்க நாடகத் தமிழ்!